ஹெர்மெலுக்கு விட்ட இடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து. எதிர்வீட்டு தார்ஹெலியாவின் கம்ப்யூட்டர் திரை அங்கிருந்து நன்றாகத் தெரியும். கண்ணாடியைத் துடைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். நான் அடிக்கடி துடைப்பேன். சுத்தம் எனக்குப் பிடிக்கும்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "குவாலாசேயோவில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், கணவன் வெளிநாடு போய்விட்ட ஒரு பெண்—"

விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் மழை தூறாத பிற்பகல் குறைவு, கணவன் வெளிநாடு போகாத பெண் அதைவிடக் குறைவு. யாரைச் சொல்கிறேன் என்று எப்படித் தெரியும்?

அடுத்து: "காத்திருத்தல் என்பது ஒருவகை—" வேண்டாம். இப்படி ஆரம்பிக்கும் கதைகளை நானே படிக்கமாட்டேன்.

மூன்றாவது: "கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தது." இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தது. அப்போது யாருக்கும் அது குறையாகவே படவில்லை.

தார்ஹெலியா செய்தது, படத்தில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலை. தெருவில் பாதி வீட்டு ஆண்கள் நியூயார்க்கில் இருந்தார்கள், கொஞ்சம் பேர் ஸ்பெயினில். ஞானஸ்நானமோ கல்யாணமோ, படம் எடுக்கும்போது வர முடியாதவருக்கு ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு நிற்போம். "இடம் விடுங்க! வில்சனுக்கு இன்னும் கொஞ்சம் விடுங்கடி, அவன் தடியன்!" என்று யாராவது கத்துவார்கள். அந்த வெற்றிடத்தோடு படம் தார்ஹெலியாவிடம் போகும். அங்கிருந்து அனுப்பிய படத்தில் வில்சனை வெட்டி, இங்கே ஒட்டி, வெளிச்சத்தைச் சரிசெய்து, தோளில் ஒரு நிழல் போட்டு அனுப்புவாள்.*

வேலை மெதுவாக நடந்ததால் பெண்கள் காத்திருந்தார்கள். திரையில் நீலக் கோடு ஊர்ந்துகொண்டிருக்கும். நாங்கள் வேகவைத்த சோளத்தைக் கொறித்துக்கொண்டு, காப்பியைக் குடித்துக்கொண்டு, யார் பணம் அனுப்பவில்லை, யாருக்கு அங்கே இன்னொரு வீடு இருக்கிறது என்றெல்லாம் ஆராய்வோம். கோடு பாதி வரும்போது ஒரு குடும்பம் சந்தி சிரித்திருக்கும். முழுதாக வந்துசேர்ந்ததும் எல்லோரும் திரையைப் பார்த்து, "அட, வந்துட்டான்!" என்போம். உண்மையிலேயே வந்துவிட்டதுபோல் சில பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இப்போது கைபேசியிலேயே ஒரு நொடியில் ஆளை ஒட்டிவிடுகிறார்கள். யாரும் யார் வீட்டிலும் உட்காருவதில்லை. எனக்கே செய்தி கிடைப்பது அரிதாகிவிட்டது.

(* கால்களை ஒட்டுவதில் மட்டும் அவள் கெட்டிக்காரி இல்லை. அதனால் எங்கள் தெருவில் வெளிநாட்டில் இருந்தவர்கள் எல்லோரும் படங்களில் ஏதாவது ஒரு குழந்தைக்குப் பின்னால்தான் நிற்பார்கள்.)

3

அவளுடைய கணவன் ஹெர்மெலும் நியூயார்க்கில்தான். மகள் மரியூஷி பால்பல் விழுந்த வயதில் இருந்தபோது போனான். சில வருஷம் தொலைபேசியில் பேசினான். பிறகு தொலைபேசி நின்றது.

ஆனால் கிறிஸ்துமஸ் நிற்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் குழந்தை இயேசு ஊர்வலம் முடிந்ததும் அவள் வீட்டு முற்றத்தில் குடும்பப் படம் எடுப்போம். ஓரத்தில் ஹெர்மெலுக்கு இடம். மற்றவர்களுக்கு அங்கிருந்து புதுப் படம் வரும், இவளுக்கு வராது. கையில் இருந்த பழைய ஹெர்மெலையே எடுத்து வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை வயதை ஏற்றினாள். காதோரம் நரை வந்தது. பிறகு கண்ணுக்குக் கீழே லேசாகச் சுருக்கம். ஒரு வருஷம் கண்ணாடி போட்டுவிட்டாள்.

"கொமாத்ரே, என்ன ஹெர்மெலுக்குப் பார்வை மங்கிடுச்சா?" என்று கேட்டேன். மரியூஷிக்கு நான் ஞானத்தாய், எங்களுக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம்.

"வயசாகுதில்ல? அவங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் வந்துச்சு," என்றாள், கண்ணாடிச் சட்டத்துக்குப் பழுப்பு நிறம் பூசிக்கொண்டே.

தொப்பை மட்டும் வைக்கவில்லை. அதற்கு மனம் வரவில்லைபோல.

(இங்கே அவள் மனத்துக்குள் புகுந்து இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். ஜன்னலிலிருந்து திரைதான் தெரியும், மனம் தெரியாது. தெரிந்தமாதிரி எழுதினால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள்.)

4

மரியூஷிக்குக் கல்யாணம் ஆயிற்று. படத்தில் மணப்பெண்ணுக்கு இடப்பக்கம் அப்பாவுக்கு இடம் விட்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஸ்பெயினில் வேலை; சனிக்கிழமை இருவரும் மூர்சியாவுக்குப் போகிறார்கள். படம் மட்டும் தயாராகவில்லை.

"அம்மா, கல்யாணம் முடிஞ்சு மழைக்காலமே போயிடுச்சு. படம் எங்கே?"

"கம்ப்யூட்டர் ஸ்லோடி. தொறந்தா சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே கெடக்குது. நான் என்ன செய்ய?"

"தெல்ஃபினா வீட்டு ஞானஸ்நானப் படத்தை மட்டும் நேத்துக் குடுத்திருக்கே?"

"அது சின்னப் படம்."

"சின்னப் படமா? அதுல ஊரே நிக்குது! சனிக்கிழமைக்குள்ள எனக்குப் படம் வேணும்மா. இல்லேன்னா வெறுஞ்சுவத்தோட குடும்பம் நடத்திக்கறேன், போ."

அதனால்தான் க்ளோவிஸ் வந்தான்.

5

க்ளோவிஸைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. மனிதனாக அல்ல, பாத்திரமாக. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவன், மனைவியை இழந்தவன், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. அவனுக்குத் தார்ஹெலியா மேல் ஒரு கண் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். தெருவிலும் அப்படித்தான் பேச்சு. (பேச்சை ஆரம்பித்தது நான்தான், ஆனால் ஆதாரத்தோடு: யார் இஸ்திரி போட்ட சட்டையோடு தூசி தட்ட வருவார்கள்?) போகட்டும். காதலை ஓரமாக வைக்கிறேன். வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் உப்பு கேட்கும் சாக்கில் போய் உட்கார்ந்திருந்தேன். க்ளோவிஸ் பெட்டியைத் திறந்தான். உள்ளே இருந்த விசிறி தெரியவே இல்லை.

"தோன்யா தார்ஹெலியா, இதுக்குள்ளேயா கூய் வளர்க்கிறீங்க?"

"அடுப்படியிலதான் வளர்க்கிறேன். முடி பறந்து வந்திருக்கும்." (கூய் என்பது நாங்கள் கறிக்கு வளர்க்கும் கினிப்பன்றி.)

"ஒரு தலையணையே தைக்கலாம் போலிருக்கே. மூச்சுமுட்டி மெஷின் சூடாயிருக்கு, சூடானா தன்னாலயே வேகத்தைக் குறைச்சுக்கும்." தூரிகையால் சுத்தம் செய்தான். பிறகு ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்தான். "இதுல ஒரு படம் வைக்கக்கூட இடமில்ல. சாஃப்ட்வேருக்கு வேலை செய்ய மேஜை வேணும்ல? மேஜை முழுக்கச் சாமானா இருந்தா அது எங்க வெட்டும், எங்க ஒட்டும்?" வேண்டாததை எல்லாம் அழித்தான், மெமரி ஒன்று கூடுதலாகச் சொருகினான்.

தெல்ஃபினா வீட்டுப் படத்தைத் திறந்தான். கண்ணிமைக்குமுன் திறந்தது.

"பாத்தீங்களா? குதிரை!"

கல்யாணப் படத்தைத் திறந்தான். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"மத்ததெல்லாம் ஓடுது, இது மட்டும் நொண்டுது. சீக்கு மெஷின்ல இல்ல, படத்துல."

"அதெல்லாம் போதும் க்ளோவிஸ், காப்பி குடிங்க," என்றாள் தார்ஹெலியா. அவள் எழுந்து திரைக்கு முன்னால் நின்றுகொண்ட விதத்தைப் பார்த்து நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன்.

6

படம் ஒருவழியாகத் திறந்தது. திரையின் ஓரத்தில், ஒட்டிய ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு அடுக்கு என்று பெயர்களின் வரிசை. ஹெர்மெல். ஹெர்மெல். ஹெர்மெல். எல்லாக் கிறிஸ்துமஸ் ஹெர்மெல்களையும் கொண்டுவந்து, மணப்பெண்ணின் இடப்பக்கம் ஒருவர் மேல் ஒருவராக நிறுத்தி, ஒருவரும் தெரியாதபடி மறைத்து வைத்திருந்தாள். கண்ணாடி போட்டவன், போடாதவன், நரைத்தவன், இங்கிருந்து போன அன்று இருந்த அதே கறுத்த முடிக்காரன்.

"ஒரு இடத்துக்கு ஒரு ஆள் போதுமே தோன்யா. மிச்சத்தைத் தூக்கிடலாமா?"

"யாரை?"

"அது எனக்கென்ன தெரியும்? உங்க வீட்டுக்காரரு."

வரிசையின் கடைசியில் ஒரு அடுக்குக்கு மட்டும் ஹெர்மெல் என்று பெயரில்லை. 'அந்த ஆள்' என்று போட்டிருந்தது. க்ளோவிஸ் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான். வழுக்கைத் தலை, சிவப்புக் குளிர்கோட்டு, கோட்டை முட்டிக்கொண்டு தொப்பை. புதிதாகச் சவரம் செய்த முகம்.

"இவரு யாரு?"

"தெரியாது. சாஃப்ட்வேர்ல தானா வந்திருக்கும்."

"தானா வரல." வாசலில் மரியூஷி. "கல்யாணப் படத்துக்கு வேணும்னு நான்தான் எழுதிக் கேட்டேன். மறுநாளே எடுத்து அனுப்பினாரு. நான்தான் இதுல ஏத்திக் குடுத்தேன். அன்னிலேர்ந்துதான் அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் ஸ்லோ."

க்ளோவிஸ் மவுஸிலிருந்து மெல்லக் கையை எடுத்தான்.

"உங்கப்பாவை எனக்குத் தெரியாதாடி? அவருக்குத் தலை நிறைய முடி."

"நீ ஒட்டின முடி."

"இந்த ஆளு எவளோ ஆக்கிப்போட்டதைத் தின்னு ஊதின ஆளு. பாத்தாலே தெரியுதில்ல?"

"தெரியுது. அதுக்கு? என் கல்யாணத்துக்காகச் சவரம் பண்ணிக்கிட்டு நின்னது இந்த ஆளுதாம்மா. உன் ஆளு என்ன செஞ்சாரு?"

"என் ஆளு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்தாரு."

மரியூஷி வாசலிலிருந்து உள்ளே வந்தாள்.

"மூர்சியாவுல நான் மாட்டப்போற படத்துல பொய் வேணாம்மா," என்றாள் மரியூஷி, குரலைத் தணித்துக்கொண்டு.

"சனிக்கிழமை நீயும் போயிடுவே. அப்புறம் உன்னையும் நான் இப்படித்தான் வெட்டிக் கொண்டுவந்து நிறுத்தணும். அப்போ நீயும் பொய்யா?"

7

இங்கே நான் நாள்கணக்கில் நின்றுபோனேன். முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) தார்ஹெலியா எல்லா ஹெர்மெல்களையும் அழிக்கிறாள். வழுக்கையர் நிற்கிறார். அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். — எங்கள் தெருவில் கட்டிப்பிடித்து அழுவது சாவுக்கு மட்டும்தான்.

(ஆ) மகள் விட்டுக்கொடுக்கிறாள். நரைத்த ஹெர்மெல், கண்ணாடியோடு. — மரியூஷி எதையாவது விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

(இ) இடத்தை அப்படியே வெறுமையாக விட்டு அச்சடிக்கிறார்கள். — எழுதும்போது பெருமையாக இருந்தது. மறுநாள் காலையில் படித்தபோது வெட்கமாக இருந்தது.

(ஈ) க்ளோவிஸ் மண்டியிட்டு, "தோன்யா—"

சரி, சரி.

8

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அன்று தார்ஹெலியா எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் திரைச்சீலையை இழுத்து விட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைச் செய்தது அதுதான் முதல்முறை.

சனிக்கிழமை காலை வாசலில் வேன் நின்றது. தார்ஹெலியா ஒரு சுருளைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தாள். மரியூஷி பாதி விரித்தாள். ஞானத்தாய் என்ற உரிமையோடு நான் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு அவள் முதுகுப்பக்கம் விரைந்தேன். இதற்குள் மாப்பிள்ளையின் தம்பி ஒரு மூட்டை வறுத்த சோளத்தை என் மூக்குக்கு நேரே தூக்கிக்கொண்டு போனான். என் கண்ணில் பட்டது மணப்பெண்ணின் இடது தோளில் இருந்த ஒரு கை மட்டும். கைக்கு நரை உண்டா, வழுக்கை உண்டா?

மரியூஷி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "அப்பா நல்லாத்தான் இருக்காரு," என்றாள்.

"ம். நல்லாத்தான் இருக்காரு," என்றாள் தார்ஹெலியா.

சுருட்டிவிட்டார்கள். வேன் போய்விட்டது.

க்ளோவிஸிடம் கேட்டுப் பார்த்தேன். "கம்ப்யூட்டர் இப்ப நல்லா ஓடுது," என்றான். அது உண்மைதான், நன்றாக ஓடியது. படம் கொண்டுபோனவர்கள் நின்றபடியே வாங்கிக்கொண்டு திரும்பினார்கள், யாருக்கும் காப்பி போட நேரமில்லை. மெல்ல மெல்லப் படம் கொண்டுபோவதும் நின்றது.

முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூர்சியாவில் ஒரு சுவரில் அந்தப் படம் இன்னும் தொங்கும். அந்தப் பக்கம் போனால் கதவைத் தட்டுங்கள், ஞானத்தாய் அனுப்பினாள் என்று சொல்லுங்கள், உட்காரச் சொல்வாள். மணப்பெண்ணின் இடப்பக்கம் யார் என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்கு எழுதாதீர்கள். இத்தனை வருஷமாக அங்கே இரண்டு பேரையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒருவரைப் போகச் சொல்ல எனக்கும் கை வரவில்லை.