கொம்புக் குருவி

...எறிந்துவிட்டாள், வட்டம் ஏழையும் எறிந்துவிட்டாள், இதற்கு முன் ஆறு, அதற்கும் முன் ஐந்து, வரிசையாகச் சேர்ந்து முடிந்துபோன மூன்று காயை ஒவ்வொன்றாக உடைத்து எறிகிற பிறவி இந்தப் போடியில் தன் பெண்டாட்டியைத் தவிர வேறு யாராவது இருக்க முடியுமா என்று ஆதித்தனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மாஜாங்கில் அப்படி என்ன பெரிய வித்தை இருக்கிறது, வட்டம், மூங்கில், எழுத்து என்று மூன்று ஜாதி, ஒன்று முதல் ஒன்பது வரை எண், அதுபோகத் திசைப் பேர் கொண்ட காற்றுக் காய்கள், எதிலும் நாலு நாலு, கையில் பதின்மூன்று காய், ஒன்றை எடு, ஒன்றை எறி, மும்மூன்றாக நாலு கூட்டமும் மேலே ஒரு ஜோடியும் சேர்ந்தால் ஜெயம், நாலு ஐந்து ஆறு என்று தொடர்ந்து வந்தாலும் கூட்டம், ஒரே காய் மூன்று வந்தாலும் கூட்டம், அவ்வளவுதானே, முடிந்த கூட்டத்தில் கை வைக்காதே கிருபா என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்பான், தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள், பிறகு இப்படி. அதுவும் இன்றைக்கு... பினாங்கிலிருந்து பழைய முதலாளியின் கடிதம் வந்து பத்து நாளாகிறது, சண்டை ஓய்ந்தது, சரக்குக் கிட்டங்கியைத் திறந்தாயிற்று, கணக்கெழுதுகிற கிராணி வேலை காத்திருக்கிறது, அடுத்த கப்பலில் வா என்று, பத்து நாளாக அதைப் பற்றி வாயைத் திறந்தால் இவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள், அதனால்தான் நேற்றுத் துணிந்து சொன்னான், நாளைக்கு ஒரே ஆட்டம், நான் ஜெயித்தால் முதலில் நான் மட்டும் போவேன், இரண்டு வருஷத்தில் உன்னையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்வேன், வேறு யார் ஜெயித்தாலும் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். சரி என்றாள். யோசிக்கவே இல்லை, சரி என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

ஜெயிக்க வேண்டுமென்று ஆசை இருக்கிறவள் ஆடுகிற ஆட்டமா இது? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிருபாவின் அண்ணன், மச்சான் தங்கபாண்டி மட்டும் என்ன, அவர் கடையில் முப்பது வருஷமாக ஏலக்காயைத் தரம் பிரித்த கை, பெரிய காய் முதல் தரம், சின்னக் காய் கழிவு, மாஜாங்கிலும் அதே கணக்கு, ஒன்றும் இரண்டும் வந்தால் சொத்தை என்று தள்ளிவிட்டு எட்டையும் ஒன்பதையும் மடியில் போட்டுக்கொள்ளாத குறையாகக் காப்பாற்றுவார். மச்சான், ஒன்பது ஓரத்துக் காய், அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, ஐந்து என்றால் இரண்டு பக்கமும் ஒட்டும் என்று விரலை மடக்கி விளக்கினால், "அட போங்க மாப்ள, பெருசு பெருசுதான்" என்று சிரிப்பார். அவர் சம்சாரம் ஞானசெல்வி அக்காவோ அழகு பார்த்து ஆடுகிற ஆள், மூங்கில் ஒன்று என்கிற காயில் மூங்கிலுக்குப் பதிலாக ஒரு குருவியைச் செதுக்கியிருப்பார்கள், அது கைக்கு வந்தால் ஆட்டம் முடிகிற வரை கீழே வைக்க மாட்டார், பாவம் குருவி என்பார். ஆராதனை முடிந்து, கறிக்குழம்புச் சாப்பாடும் முடிந்து, போதகர் திடுதிப்பென்று வந்தால் மூடுவதற்கு ஒரு படுதாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏலக்காய் பொறுக்குகிற பலகையைச் சுற்றி உட்கார்ந்து, இப்படிப்பட்ட மூன்று பேரோடு ஆடி, அதிலே தன் பிழைப்பைப் பந்தயம் வைத்தது யார் புத்தி? தன் புத்திதான். ஆனால் இவர்களிடம் தோற்பது எப்படி?

மொரிட்டா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பினாங்கில் அவனுக்குக் கீழ்வீட்டில் படம் பிடிக்கிற கடை வைத்திருந்த ஜப்பான்காரர், சண்டை வரப்போகிறது என்று தெரிந்ததும் கடையைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டவர், போகும்போது இந்தப் பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நாலு வருஷம் ஞாயிறு தவறாமல் அவன் மாடியறையில் ஆட்டம், அவர்தான் கற்றுக்கொடுத்தார், அதிர்ஷ்டம் என்று ஒன்று கிடையாது ஆதித்தன், எண்ணிக்கைதான் உண்டு, எந்தக் காயை எறிந்தால் மிச்சமிருக்கிற கைக்கு அதிகக் காய் ஒட்டுமோ அதை எறி, முதலில் தனியாக நிற்கிற காற்றுக் காய்களைப் போ என்று சொல், பிறகு ஓரங்களை, நடுவில் உள்ளதை விடாதே, இரண்டு பக்கமும் திறந்த வாசலோடு காத்திரு. இன்னொன்றும் சொல்வார், எறிந்த காயைக் கண்டபடி வீசக்கூடாது, அவரவர் முன்னால் எறிந்த வரிசைப்படி அடுக்க வேண்டும், அதுதான் மரியாதை. அந்த மரியாதையை ஆதித்தன் இங்கேயும் கண்டிப்பாகக் கொண்டுவந்தான், அவன் சொல்லி இவர்கள் கேட்டது அது ஒன்றுதான்.

இன்றைக்கு அவன் கை அப்படியே பாடம் மாதிரி வந்திருந்தது. காற்றுகள் போயின, ஒன்பதுகள் போயின, கடைசியாக மூங்கில் ஐந்தை எறிந்ததும் எல்லாம் கூடிவிட்டது, மூங்கிலில் இரண்டும் மூன்றும் மட்டும் வாசலைத் திறந்துகொண்டு நிற்கின்றன, ஒன்று வந்தாலும் ஜெயம், நாலு வந்தாலும் ஜெயம், தானே எடுத்தாலும் சரி, யார் எறிந்தாலும் சரி. குருவி நாலு, மூங்கில் நாலு என்பதும் நாலு, ஆக எட்டு, அதில் ஒரு நாலு முன்பே பலகையில் கிடக்கிறது, ஒரு குருவி கிருபாவதியிடம் இருக்கிறது, மீதி ஆறு. அவளிடம் இருப்பது ஊருக்கே தெரியும், பெட்டியில் இருந்த நாலு குருவியில் ஒன்றைக் கப்பலில் வரும்போது சின்ன மகள் கடலில் போட்டுவிட்டாள், அதற்குப் பதிலாக இங்கே சீப்புக் கடைக்காரரிடம் மாட்டுக் கொம்பில் ஒன்று செய்து வாங்கினான், மற்றக் காய்களுக்கெல்லாம் முதுகு மஞ்சள், இதற்கு மட்டும் கறுப்பு, யார் கையில் போனாலும் எதிராளிக்குப் பளிச்சென்று தெரியும். அவள் வரிசையின் ஓரத்தில் அந்தக் கறுப்பு முதுகு ஆட்டம் தொடங்கியதிலிருந்து அசையாமல் நிற்கிறது. தனிக்குருவியை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாள், முடிந்த கூட்டத்தை உடைத்து எறிகிறவளுக்கு அதை எறிய மட்டும் கையில் வலுவில்லையா? எறியேன்... எறிந்து தொலையேன்.

எடுத்தான், வட்டம் ஒன்பது, தூ. மச்சான் ஒரு இரண்டைத் தள்ளினார், எழுத்து இரண்டு, அதை வைத்து நாக்கு வழிக்கவா. அக்கா தெற்குக் காற்றைப் போட்டார். கிருபாவதி எடுத்ததைப் பார்த்தாள், ஓரத்தில் செருகிக்கொண்டாள், தன் கையிலிருந்து ஒரு வட்டம் எட்டைப் பிடுங்கி எறிந்தாள், அடுத்த முறை இன்னொரு எட்டு, ஜோடியையும் உடைத்துவிட்டாள், இனி இவள் ஜெயிக்க வழியே இல்லை, சுத்தமாக இல்லை, சரி, தொலையட்டும், அவனுக்கு நல்லதுதானே? நல்லதுதான், பிறகு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது? மறுபடி எடுத்தான், எழுத்து ஏழு. ஆறு காய் எங்கே போயிருக்கும், ஆறு காய், கணக்குப்படி இதற்குள் இரண்டாவது வெளியே வந்திருக்க வேண்டும், ஏலக்காய் வாசனை வேறு இந்தப் பலகையிலிருந்து மூக்கைத் துளைக்கிறது, ஐந்து வருஷமாக இதே வாசனை, சட்டையில், சோற்றில், தலையணையில், மூட்டைகளின் மேல் ஊர்ப் பேரை மையால் எழுதி எழுதி, மச்சான் நல்லவர்தான், ஒரு சொல் கடிந்து பேசினதில்லை, ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் "நம்ம மாப்ள, மலாய்நாட்டுல இருந்தாக" என்று சொல்லும்போது அந்த 'இருந்தாக'வில் அவன் தலையைத் தூக்காமல் மையைத் தொட்டுக்கொள்வான். எடுத்தான். வடகாற்று.

"தீந்துச்சு" என்றார் மச்சான். எடுப்பதற்குக் காயில்லை, மொரிட்டாவின் விதிப்படி கடைசிப் பதினாலைத் தொடக்கூடாது. யாரும் ஜெயிக்கவில்லை. இதற்குப் பந்தயத்தில் என்ன பேசினோம்? ஒன்றும் பேசவில்லையே, இப்படி முடியும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லையே... கோபம் தாங்காமல், என்ன ஆட்டம் ஆடுகிறாய், ஐந்து ஆறு ஏழை உடைத்து எறிந்தாயே, கண் அவிந்து போயிற்றா என்று மச்சான் இருப்பதையும் மறந்து கத்திவிட்டான். கிருபாவதி, அவன் இன்னும் திருப்பிக்கூடக் காட்டாத காய்களின் முதுகைப் பார்த்து, "மூங்கில் ரெண்டும் மூணும் வச்சிருந்தீக, இல்ல?" என்றாள்.

அவன் தன் காய்களையே குனிந்து பார்த்தான். உனக்கு எப்படித் தெரியும்?

"மூங்கில் அஞ்ச எறிஞ்சீகல்ல. காத்து மொதல்ல, பெறகு ஒம்பது, கடைசியா தேவைக்குப் பக்கத்துல நிக்கிறது. நீங்க என்னைக்கும் அப்பிடித்தான எறிவீக" என்று சொல்லிக்கொண்டே தன் காய்களைத் திருப்பினாள், கொம்புக் குருவி, அதன் பக்கத்தில் இன்னொரு குருவி, மூங்கில் நாலில் இரண்டு, ஒன்றோடொன்று சேராமல் நின்றன. "இங்கனயும் ஒரு குருவி இருக்குத்தா" என்று ஞானசெல்வி அக்கா தன் பங்குக்குக் காட்டினார். மற்ற இரண்டும் தொடாத பதினாலுக்குள் கிடக்கும், கணக்குச் சரியாகத்தான் இருந்தது. என்னைக்கும் என்கிறாளே, என்றைக்கிலிருந்து? பினாங்கில் அந்த மாடியறையில் அவனுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து கிழிசல் தைத்துக்கொண்டிருப்பாள், பாஷை தெரியாது, பேச ஆளில்லை, ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருக்கிற ஒரே நாள், அன்றைக்கும் மூன்று ஆண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூங்கி வழிகிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். பின்னாலிருந்து அவன் கையில் என்ன இருக்கிறது, எதை எறிகிறான் என்று நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டு... அவளுக்கு ஆடத் தெரியுமா என்று கேட்டதுண்டா? போக வேண்டாம் என்று அவள் இந்தப் பத்து நாளில் ஒருமுறை சொன்னாளா? சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பானா, என்ன?

"இன்னொண்ணு போடுவோம் மாப்ள, முடிவு தெரியணும்ல" என்று மச்சான் காய்களைப் பரப்பிக் கலக்கினார். சுவர் கட்டினார்கள், பிரித்தார்கள், ஆதித்தன் தன் பதின்மூன்றை நிறுத்தி வைத்து முதல் ஆளாக ஒரு காயும் எடுத்தான், நல்ல கை, முன்னதைவிட நல்ல கை, ஒன்றே ஒன்றுதான் ஒட்டாமல் ஓரத்தில் தனியாக நிற்கிறது, முதுகு கறுப்பு, மூன்று பேருக்கும் தெரியும். தனி ஓரக் காய், கணக்குப்படி முதலில் போக வேண்டியது அதுதான், என்றைக்கும் அப்படித்தானே எறிவான். விரல் பழக்கத்தில் அதன் தலைமேல் போய் நின்றது. கிருபாவதி தன் காய்களை இன்னும் அடுக்கவே இல்லை, அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போடுங்க மாப்ள, மொதக் காயி ஒங்களதுதான்" என்றார் மச்சான். போடுகிறேன், போடுகிறேன், அதற்குள் என்ன அவசரம் என்று எரிந்து விழுந்தான் ஆதித்தன், விரலை எடுக்கவும் இல்லை.