முயலுக்காகத் தைத்த மேலங்கி

1

இந்தக் கதை ஒரு முயலிலிருந்து வந்தது. ஜனவரியில் எங்கள் மலையில் பொட்டுப் பனி இல்லை. மலைமுயல் மட்டும் பனியை நம்பி, குளிர்கால வழக்கப்படி ரோமத்தை வெள்ளைக்கு மாற்றியிருந்தது. கறுத்த புதர்ச் சரிவில் அது பதுங்கியிருந்தது எனக்குப் பேருந்திலிருந்தே தெரிந்தது, கழுகுக்குத் தெரியாதா? பாவம், தான் ஒளிந்திருப்பதாக அதற்கு நினைப்பு.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஸ்காட்லாந்தின் வடக்கு மலைகளில் குளிர்காலம் என்பது..." அடித்துவிட்டேன். சுற்றுலாத் துண்டறிக்கை மாதிரி இருந்தது.

2

மலைக்கு ஒரு ஆளை அனுப்ப வேண்டும். டோர்க்கில் என்று பெயர் வைத்தேன். மலையையும் மானையும் படமெடுத்து நாட்காட்டிக்காரர்களுக்கு விற்கிறவன். அவன் ஏங்கியது ஒரே படத்துக்கு: பனியில் வெள்ளை முயல், கண் மட்டும் கறுப்பாக. பிப்ரவரியில் பனி கொட்டியது. (நான்தான் கொட்டவைத்தேன்.)

முயலின் காது நிமிர்ந்தால், படமெடுக்கிறவன் அப்படியே நிற்க வேண்டும். மடிந்த பிறகுதான் அடுத்த அடி. டோர்க்கிலின் சிவப்பு மழைச்சட்டையோ அசைந்தாலே மொடமொடக்கும். அதனால் அவன் மனைவி இஷ்பெல் படுக்கை விரிப்பை வெட்டி, உள்ளே கம்பளி வைத்து, ஒரு வெள்ளை மேலங்கி தைத்தாள்.

"செவப்புச் சட்டைய பையில வச்சுக்கவா?" என்றான்.

"அவ்ளோ பெரிய லென்ஸத் தூக்கிட்டு அதையுமா? இதுவே கதகதன்னு இருக்கும். வச்சிட்டுப் போ."

இந்தப் பதிலை அவன் வாயில் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. அவனாக விட்டுப்போனால் விபத்து. அவள் சொல்லி விட்டுப்போனால்தான் கதை. கதைக்காக ஒரு பெண் தலையில் இதைக் கட்டினேன். என்மேலேயே எனக்குக் கசப்பாக இருக்கிறது.

தெருவில் முர்டோ எதிர்ப்பட்டான். பள்ளித் தோழன், மலையில் காணாமல்போனவர்களைத் தேடும் மீட்புக் குழுவின் தலைவன்.

"என்னடா, கல்யாணப் பொண்ணாட்டம் வெள்ளை உடுத்திக்கிட்டு? மாப்பிள்ளை முயலா?"

"மாப்பிள்ளைக்குக் கூச்சம் ஜாஸ்தி. நீ கத்தாமப் போ."

3

டோர்க்கில் விழுந்ததை எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். எலும்பு முறியும் சத்தம் அதில் ரொம்ப நன்றாக வந்திருந்தது.

இருட்டியும் அவன் திரும்பவில்லை. முர்டோ சமையலறைக்கே வந்து, எல்லார் வீட்டிலும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டான்.

"என்ன கலர் போட்டிருக்கான்?"

இஷ்பெல் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். அவனும் பார்த்தான். ஆணியில் சிவப்புச் சட்டை தொங்கியது.

"நான்தான் வச்சிட்டுப் போன்னேன்" என்றாள்.

மறுநாள் ஹெலிகாப்டர் டோர்க்கிலின் தலைக்கு மேலேயே போனது. அவன் கையை ஆட்டினான். வெள்ளைக்குள் ஒரு வெள்ளை அசைந்தது, அவ்வளவுதான்.

(நாய்கள் மோப்பம் பிடிக்காதா என்கிறீர்கள். பிடிக்கும். காற்றைத் திருப்பிவிட்டேன்.)

4

சில நாள் கழித்து முர்டோ மறுபடி வந்தான். தொப்பியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்தான்.

"தெக்குக் காத்து அடிக்குது, இஷ்பெல். மழை வரும். பனி உருகிட்டா, வெள்ளைத் துணி பளிச்சுன்னு தெரிஞ்சிடும்."

"உருக வேணாம்."

"என்ன பேசற நீ?"

"பனி இருக்கறவரைக்கும் அவன் முயலுக்காக உக்காந்திருக்கான். டீ ஆறுது, குடி."

முர்டோ குடித்தான். வேறென்ன செய்வான்.

5

முடிவு அ: கம்பளி அவனைக் காப்பாற்றியது. அவள் தைத்த தையல் வீண்போகவில்லை. எழுதி, உரக்கப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. நான் நம்பவில்லை.

முடிவு ஆ: முர்டோ சரிவில் மண்டியிட்டுத் தன் தொப்பியைக் கழற்றி... இதை நம்பினேன். மேலே எழுதக் கை வரவில்லை.

பனியைக் கொட்டவைத்த எனக்கு மழையை நிறுத்தத் தெரியவில்லை. பெய்துகொண்டிருக்கிறது. டோர்க்கிலின் தொலைநோக்கியைப் பிடித்தபடி இஷ்பெல் சன்னலில் நிற்கிறாள். அவளுக்கு இதற்குமேல் எதையும் செய்ய எனக்கு மனம் இல்லை. நீங்கள் எழுதுங்கள். கடைசி வாக்கியத்தின் பாதிவரை நான் கொண்டுவந்து விடுகிறேன்:

பழுப்புச் சரிவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது