மகிழமரப் பொந்து

நாற்பத்தொன்றும் ஏழும் அச்சு அசலாக ஒன்றுதான் என்று கணினித் திரை காட்டியதும் சிவப்ரியா குழாய் எண்களை இன்னொரு தடவை சரிபார்த்தாள். நாற்பத்தொன்று, அவள் அப்பா உத்திராபதியின் முதுகுத்தண்டு நீரில் வளர்ந்த பூஞ்சை. குழாயில் அந்த எண்ணை ஒட்டியதே அவள்தான். ஏழு, ஊர்க் காத்தாயி கோயில் மகிழமரத்துப் பொந்தில் எடுத்த மரத்தூளில் வளர்ந்தது.

காரைக்கால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இதுதான் வேலை. மூளைக்காய்ச்சல்காரர்களின் பூஞ்சையையும், மரப்பொந்து, புறா எச்சம் என்று வெளியில் எடுத்த பூஞ்சையையும் மரபணு பார்த்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான மரம் ஒன்று தேவைப்பட்டது. கோட்டுச்சேரிப் பக்கமெல்லாம் எதற்கு அலைய வேண்டும், நம் ஊர் சாமி மரம் இருக்கிறதே என்று அங்கே போய் எடுத்துவந்தாள். சாமி மரத்தில் கிருமி இருக்காது என்று எந்தப் புத்தகத்தில் படித்தாளோ, எம்.எஸ்ஸி. படித்த பெண். போன வாரம் அதிலேயே பூஞ்சை முளைத்தது.

பெரிய டாக்டரிடம் ஓடினாள்.

"இத வச்சு மருந்து ஏதாவது மாத்த முடியுமா சார்?"

"எங்கேருந்து வந்துச்சுன்னுதாம்மா தெரிஞ்சிருக்கு. மருந்து அதேதான். அதுவும் கிட்னியக் கெடுக்குதுன்னு பாதியா கொறச்சிருக்கோம்."

அவர்மேல் கோபப்படவும் வழியில்லை. மனுஷர் உள்ளதைச் சொன்னார்.

வார்டில் அப்பா மூன்றாவது வாரமாகக் கண் திறக்காமல் கிடந்தார். பக்கத்து ஸ்டூலில் அம்மா பெரியநாயகி, அப்போதுதான் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். முந்தானையெல்லாம் பழுப்பாக மரத்தூள்.

"எங்கம்மா போயிட்டு வர்ற?"

"நம்ம மகிழமரத்துக்குத்தான். பொந்தக் கூட்டி வெளக்கு வச்சிட்டு வர்றேன். ஒனக்குத் தெரியாது, இந்த வேலை ஒனக்குக் கெடைக்கணும்னு ஒங்கப்பா நாப்பத்தெட்டு நாளு விடாம கூட்டினாரு. தலைய உள்ள விட்டு, கையாலயே வழிச்சு. கெடச்சுதே. இப்ப அவருக்காக நான் கூட்டுறேன். இன்னியோட பதினேழு நாளு."

சிவப்ரியாவுக்கு இப்போதுதான் புரிந்தது. தன் வேலைக்காகத்தான் அந்த மனிதர் அந்தத் தூளை மூச்சில் இழுத்திருக்கிறார். அதைக் கண்டுபிடிக்கத்தான் இவளுக்குச் சம்பளம். அழக்கூட வரவில்லை, தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"அம்மா, அந்தத் தூள்லேருந்துதான் அப்பாவுக்கு வந்திருக்கு. இனிமே அங்க போகாத."

பெரியநாயகி மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதானடி சுத்தமான மரம்னு தூள் எடுத்துட்டுப் போன?"

"தெரியாம சொல்லிட்டேன்மா."

"இப்ப எல்லாம் தெரிஞ்சிடுச்சுல்ல. அப்ப அவர எழுப்புறதுக்கு ஒரு வழி சொல்லு. நான் போவல."

சிவப்ரியா ஈரத்துணியால் அந்த முந்தானைத் தூளைத் துடைக்கப் போனாள். அம்மா அதை இழுத்துக்கொண்டாள்.

"பாதியில விட்டா அவருக்கு ஆவாது" என்று அம்மா முணுமுணுத்தாள். பிறகு இருமல் வந்தது. இரண்டு நாளாகவே இருக்கும் இருமல்தானாம். அப்பா தூக்கம் கலையக்கூடாது என்று, அந்த முந்தானையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.