வேகத்தடையில் துள்ளாத வண்டி

இரண்டு பேர் மட்டும் உட்காரும் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்க ஷாக் அப்சர்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்துபோயிருந்தது. பானெட்டை ஒரு அமுக்கு அமுக்கினால் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. வண்டிக்குச் சொந்தக்கார அம்மாவின் புருஷன் இறந்த பிறகு வண்டி ஷெட்டிலேயே கிடந்ததாம். புதியவற்றை மாட்டி, அந்தம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கப் போனேன்.

பட்டறைத் தெருமுனையில் வேகத்தடை வந்தது. அந்தம்மாவின் கை என் தோள் பக்கம் வந்து பாதியில் நின்றது. வண்டி அலுங்காமல் ஏறி இறங்கியது.

“துள்ளவே இல்லையே?”

“அதுக்குத்தானம்மா இவ்ளோ நேரம் வண்டிக்கடியில கிடந்தேன்.”

“அவர் வேணும்னே வேகமா ஏத்துவார். நான் கத்திக்கிட்டே அவர் தோளைப் பிடிச்சுக்குவேன். பழசையே திரும்ப மாட்ட முடியுமா?”

“மாட்டலாம். ஆனா பிரேக் அடிச்சா சொன்ன இடத்துல நிக்காது. நேரா அவர்கிட்டயே போய்ச் சேந்துடுவீங்க.”

சிரித்தார். பிறகு வேகத்தடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வண்டியை மறுபடி வேகத்தடைப் பக்கம் திருப்பினேன். வேலை முடிந்த வண்டியை அப்படி வேகமாக ஏற்றினால் முதலாளி என்னைத் தொலைத்துவிடுவார். இருந்தும் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். முன்சக்கரம் லேசாகத் துள்ளியது.

அந்தம்மா கத்தவில்லை. என் சீட்டின் விளிம்பைப் பிடித்தபடி, “அவர் ஏத்தினா இதைவிட உயரமாப் போகும்” என்றார்.