ஒன்பதாவது குழி

நீதிபதியம்மாவுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. அவள் நீதிமன்ற வாசலைக்கூட மிதித்ததில்லை. பகலில் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. யாரோ ஒருவர் வாய்க்குள் போய் உட்காரவேண்டிய பற்களை மெழுகில் வடிப்பாள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் உருக்கிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். மற்ற நேரமெல்லாம் பழைய வேக்குவம் கிளீனர்கள்தான். அதிலும் நின்றபடி தள்ளுகிற ஜாதியை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தரையில் உருளையாகப் படுத்துக்கொண்டு, குழாயைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே சறுக்கிக்கொண்டு வருமே, அந்த ரகம் மட்டும்தான்.

வீட்டில் அப்படி இருபத்தாறு இருந்தன. கட்டிலுக்கு அடியில் ஒன்பது, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் நான்கு, மீதி எங்கே இருக்கின்றன என்பது காலில் இடித்துக்கொண்டால் தெரியும். கணவர் பஸ் ஓட்டுபவர். நெரிசலில் வண்டியை வளைத்து வளைத்துப் பழகியவர் என்பதால் அந்த வீட்டுக்குள் அவரால் நடமாட முடிந்தது. வேறொருவர் என்றால் என்றைக்கோ ஓடியிருப்பார்.

மெஷினைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. முதுகிலேயே பேர் எழுதியிருக்கும். வித்தையெல்லாம் குழாயின் நுனியில் மாட்டுகிற முனைகளில்தான் இருக்கிறது. தரைக்கு ஒன்று, சோபாவுக்கு ஒன்று, இடுக்குக்கு ஒன்று என்று ஒவ்வொரு மெஷினும் ஒரு பெரிய குடும்பத்தோடுதான் கடைக்கு வந்திருக்கும். ஐம்பது அறுபது வருஷத்தில் அவை சிதறி, முகம் தெரியாத மெஷின்களோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். எது எதனுடைய பிள்ளை என்று சொல்வதில் நீதிபதியம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. முப்பத்திரண்டு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு முனையின் படத்தைப் போடுவார்கள். அவள் பார்த்துவிட்டு, "இது அதோடது இல்லை" என்று ஒரு வரி எழுதுவாள். அதோடு வழக்கு முடிந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் என்று சிலர் தனியாக முணுமுணுத்தது உண்டு. குழுவில் யாரும் வாயைத் திறந்ததில்லை.

அவளுடைய செல்லம் ஒரு பச்சை உருளை. அதனோடு ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் வெல்வெட் விரித்து, முனைகள் படுத்துக்கொள்ள ஒன்பது குழிகள். எட்டு குழிகள் நிறைந்திருந்தன. ஒன்பதாவது குழியில் வெல்வெட் கிழிந்து, வடிவமே தெரியாமல் வெறும் பள்ளமாகக் கிடந்தது. அங்கே என்ன படுத்திருந்தது என்று தெரியாமலேயே பதினோரு வருஷம் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை காலை அது தெரிந்தது. எங்கோ ஒரு பழைய புத்தக வியாபாரியிடம் சொல்லிவைத்திருந்த, பச்சை உருளையின் செய்முறைப் புத்தகம் தபாலில் வந்தது. கொண்டுவந்தவர் அந்தப் பகுதித் தபால்காரர். அவரும் குழுவில் ஒருவர்; தபால் கொடுக்கப் போகிற வீடுகளிலெல்லாம் பழைய மெஷின் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்வார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, விசிலடித்தபடி போய்விட்டார்.

பதினான்காம் பக்கத்தில் ஒரு படம். அலை அலையாக முடி வாரிய பெண் ஒருத்தி தன் நாய்க்கு முடி வாரிக்கொண்டிருந்தாள். நாய்க்கு அதில் பரம சந்தோஷம். அவள் கையில் இருந்தது சீப்புப் பற்கள் வைத்த ஒரு முனை. நாய் அதிர்வில் மிரளாமல் இருக்க, முனையின் கழுத்தில் தடித்த ரப்பர் வளையம் மாட்டித் தருகிறோம் என்று கீழே எழுதியிருந்தது.

நீதிபதியம்மா உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சீப்பு முனையை அவள் தன் கையாலேயே தொட்டுப் பார்த்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்து காட்டியவர் இதே தபால்காரர். கழுத்தை அளந்தாள், மூன்று மில்லிமீட்டர் அதிகம். யாரோ வேறு மெஷின் முனையில் சீப்பை ஒட்டியிருக்கிறார்கள், குப்பை என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டாள். ரப்பர் வளையத்தோடு சேர்த்து அளந்திருக்கிறாள்! பல் அளக்கிற கை.

இப்போது என்ன செய்வது? முனை வேண்டுமென்றால் கேட்கவேண்டும். கேட்டால் ஏன் என்று சொல்லவேண்டும். சொன்னால் நீதிபதிப் பட்டம் அன்றோடு போச்சு. சொல்லாமல் வாங்கினால் அதற்குத் திருட்டு என்று பெயர். மத்தியானம் சாப்பிடும்போது ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று கணவர் கேட்டார். பல்வலி என்றாள். பல் செட் செய்கிறவளுக்கே பல்வலியா என்று அவர் சிரித்துக்கொண்டார், மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆசை வெட்கமறியாது. சாயங்காலம் இரண்டு நல்ல தரை பிரஷ்களைப் பையில் போட்டுக்கொண்டு தபால்காரர் வீட்டுக்குப் போனாள். புத்தகத்தையும் போட்டுக்கொண்டாள். அதை ஏன் போட்டுக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது.

தபால்காரர் முற்றத்தில் இருந்தார். அவர் மடியில் பாதியும் தரையில் பாதியுமாக ஒரு பெரிய முடிக்கார நாய் கிடந்தது. வீட்டில் அதை மூட்டை என்று கூப்பிடுவார்கள். பக்கத்தில் ஒரு பழைய உருளை ஹோவென்று இரைந்துகொண்டிருந்தது. குழாயின் நுனியில் அந்தச் சீப்பு. மூட்டை கண்ணை மூடிக்கொண்டு சொர்க்கத்தில் இருந்தது.

இந்தக் குப்பையை வைத்துக்கொண்டு ஏன் தம்பி கஷ்டப்படுகிறீர்கள், இதைக் கொடுத்துவிட்டு இந்த இரண்டு பிரஷ்ஷையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் பேச்சைத் தொடங்கினாள். வரும் வழியில் ஏழு தடவை ஒத்திகை பார்த்த பேச்சு. அவர் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சமாளித்திருப்பாள். அவர் கேட்கவில்லை. மெஷினை நிறுத்தி, சீப்பைக் கழற்றி, முடியைத் தட்டி, தன் சட்டையிலேயே துடைத்து நீட்டிவிட்டார். நீதிபதியம்மா திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றாள். வாங்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. அவளுக்கு மிகவும் அவமானமாக இருந்தது.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், வளையத்தோடு சேர்த்து அளந்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் கொட்டினாள்.

தபால்காரர் படத்தை ரசித்துப் பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"அன்னிக்கே சொன்னேனேக்கா. அந்த வளையம் கழண்டு வருது, கழட்டிட்டு அளந்து பாருங்கன்னு."

அவளுக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. "நான் என்ன சொன்னேன்?"

"பல்லையே அளக்குறவளுக்கு அளவு சொல்லித் தரியான்னீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அதில் குத்தலே இல்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அப்புறமாவது இன்னொரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள். மறுபடி சொன்னால் மட்டும் கேட்டிருப்பீர்களா என்று அவர் சாதாரணமாகக் கேட்டார்.

அந்த முற்றத்திலேயே உட்கார்ந்து குழுவில் எழுதினாள். தபால்காரரின் சீப்பு முனை அசல்தான்; நான் அளந்தது தப்பு; அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு வரி சேர்த்தாள். அது தன்னையே ஆனை என்று சொல்லிக்கொள்வது போலிருக்கவே, அழித்தாள்.

ஐந்து நிமிஷம் போனது. பிறகு ஒரு படம் வந்தது. போன வருஷம் 'அதோடது இல்லை' என்று நீங்கள் சொன்ன பிரஷ், முடிந்தால் இன்னொரு தடவை பார்க்கமுடியுமா என்று கேட்டிருந்தார் ஒரு தையல்காரர். அடுத்து ஒரு மருந்துக்கடைக்காரி. அடுத்து இரண்டு பேர் ஒரே நேரத்தில். மேல்முறையீடுகள் வரிசை கட்டி வந்தன. தபால்காரர் எட்டிப் பார்த்து, வாய்தா வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பன்னிரண்டாவதாக வந்தது அவள் கணவருடைய படம். அவர் குழுவில் இருக்கிறார் என்பதையே அவள் மறந்திருந்தாள். ஒருநாளும் எதுவும் எழுதாதவர்.

"ஆறு வருஷம் முன்னாடி கல்யாண நாளுக்கு நான் வாங்கிட்டு வந்த குழாய். உன் பச்சை மெஷினோடது இல்லைன்னு சொன்ன. இன்னொரு தடவை பாப்பியா?"

மூன்று முறை படித்தாள். அந்தக் குழாயை அவள் கையில்கூட வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், வாசலில் வைத்தே சொல்லியிருந்தாள். தூக்கிப் போட்டிருப்பார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

எழுந்து கிளம்பினாள். தபால்காரர் சீப்பைப் பையில் திணித்தார். வாரத்துக்கு ஒருதரம் கொண்டுவந்து மூட்டைக்கு வாரிவிடவேண்டும் என்பது நிபந்தனை. பிரஷ்கள் அங்கேயே இருக்கட்டும் என்றாள்.

வீட்டில் குழாய் சாப்பாட்டு மேஜை மேல் தயாராகக் கிடந்தது. ராத்திரி ஷிஃப்டுக்குச் சீருடை போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவள் பையைக்கூட வைக்காமல் அளவுகோலை எடுத்தாள். குழாயின் ஒரு நுனியை அளந்தாள், மறு நுனியை அளந்தாள், வளையம் ஏதாவது இருக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பார்த்தாள். பச்சை உருளையை இழுத்துவந்து மாட்டியும் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து அளந்தாள். இரண்டு மில்லிமீட்டர் அதிகம். எத்தனை தடவை அளந்தாலும் அந்த இரண்டு மில்லிமீட்டர் குறையவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, தான் சொன்னது தப்பாக இருக்கக்கூடாதா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

"சேரலையா?" என்றார்.

"சேரலைங்க." அளவுகோலைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு இதை நான் தொட்டுக்கூடப் பாக்கல."

"அதான் கேட்டேன்." பஸ் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இன்னிக்குப் பாத்துட்ட. போதும்."