லிங்கராஜின் இரண்டு எட்டுகள்

உதிரிபாகம் வாங்குவதற்காகக் கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தது. உள்ளே போகாது, சாயங்காலம் கிளம்பிவிடும். பதினொரு மணிக்கு வரும் லாஞ்சுப் படகில் ஒரே ஓர் ஆள் கரைக்குப் போய் மூன்று மணிக்குள் திரும்பலாம் என்றார் கேப்டன். யார் என்பதை அவர்களே பேசிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பக்கத்து ஆட்கள் மூன்று பேர். சமையல்காரர் அய்யாக்குட்டி, வேம்பார்க்காரன் டிக்சன், சாயர்புரத்து எஞ்சினியர் லிங்கராஜ். நாலு மாதத்துக்கு முன் பிறந்த மகளை லிங்கராஜ் இன்னும் கையில் எடுத்ததில்லை. ஆனால் டிக்சனும் அம்மாவைப் பார்த்துப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. அவனிடம் விட்டுக்கொடு என்று கேட்க லிங்கராஜுக்கு வாய் வரவில்லை. வழக்கமாக ஆடும் போக்கரிலேயே தீர்த்துக்கொள்வோம் என்று முடிவானது. பந்தயக் காசாக ஆளுக்கு முப்பது இரும்பு வாஷர். எல்லாம் யாரிடம் சேருகிறதோ அவர் லாஞ்சில் ஏறலாம்.

அய்யாக்குட்டி அரைமணி நேரத்தில் தோற்றுவிட்டு, சீட்டுப் போடும் வேலையை எடுத்துக்கொண்டார். மற்ற இருவரிடமும் நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து.

அடுத்த ஆட்டத்தில் லிங்கராஜுக்கு வந்தவை இரண்டு எட்டு. ஆளுக்கு ஐந்து வாஷர் வைத்ததும் அய்யாக்குட்டி நடுவில் இருவருக்கும் பொதுவாக மூன்று சீட்டைத் திறந்தார். ஸ்பேடில் ராஜாவும் ஐந்தும், டைமனில் இரண்டு.

டிக்சன் பத்து வாஷரை நகர்த்தினான். லிங்கராஜும் பத்து வைத்தான். நாலாவது சீட்டு ஹார்ட்டின் ஏழு.

"மிச்சம் முப்பதும் வச்சாச்சு அண்ணாச்சி," என்றான் டிக்சன்.

லிங்கராஜ் தன் சீட்டுகளை மறுபடி தூக்கிப் பார்த்தான். டிக்சன் கையில் ஒரு ராஜா இருந்தால் இந்த எட்டுகள் செல்லாது. காப்பாற்ற இன்னோர் எட்டு வர வேண்டும். சீட்டுக்கட்டில் இருப்பதே இன்னும் இரண்டுதான். இப்போது விலகிவிட்டால் மிச்சமுள்ள முப்பது வாஷரோடு மேலும் ஆடலாம். அதுதான் புத்திசாலித்தனம் என்று கை சீட்டைக் கவிழ்க்கப் போனது.

"சீக்கிரம்ல, லாஞ்சு வந்துரும்," என்றார் அய்யாக்குட்டி.

லிங்கராஜ் கையை நிறுத்தினான். காலையிலிருந்து டிக்சனுக்கு ராஜா வந்தபோதெல்லாம், நடுச்சீட்டு திறக்கும் முன்பே அவன் கூட்டி வைத்திருக்கிறான். இந்த முறை வெறும் ஐந்தோடு நின்றான். அப்படியென்றால் ராஜா இல்லை. ஐந்து சீட்டும் ஸ்பேடாகச் சேர்வதற்குத்தான் காத்திருக்கிறான்.

முப்பது வாஷரையும் தள்ளினான். "காட்டுலே."

டிக்சன் திறந்தான். ஸ்பேடு ஏஸ், ஸ்பேடு ஒன்பது. கடைசிச் சீட்டு ஸ்பேடாகவோ, ஏஸாகவோ, ஒன்பதாகவோ வந்தால் ஜெயம் அவனுக்கு. அய்யாக்குட்டி மெதுவாகத் திருப்பினார்.

டைமன் ராணி.

டிக்சன் வாஷர்களை லிங்கராஜ் பக்கம் தள்ளினான். பிறகு சிரித்துவிட்டான். "எப்படி அண்ணாச்சி கண்டுபிடிச்சிய? சரி, போங்க. எங்கம்மாவ துறைமுக வாசலுக்கு வரச் சொல்லுதேன். கருவாடு தருவா, வாங்கிட்டு வாங்க."

பன்னிரண்டரைக்குத் துறைமுக வாசலுக்கு வெளியே லிங்கராஜின் மனைவி சந்தனச்செல்வி குழந்தையோடு நின்றாள். டிக்சனின் அம்மா அவளுக்குக் குடை பிடித்திருந்தாள். லிங்கராஜ் ஓடிப்போய்க் கை நீட்டியதும் பிள்ளை வீறிட்டு அழுதது.

"உங்கள போன்லயே பாத்த பிள்ளைல்லா," என்றாள் சந்தனச்செல்வி. "நேர்ல ஆளு பெருசாத் தெரியுது."

லிங்கராஜ் பத்தடி தள்ளிப் போய் நின்று மனைவிக்கு வீடியோ கால் போட்டான். திரையில் அப்பாவைப் பார்த்ததும் அழுகை நின்றது. "தங்கம், இங்கன பாரு," என்று பேசிக்கொண்டே ஒவ்வோர் அடியாக முன்னால் வந்தான். பிள்ளை போனைப் பார்த்தது, குரல் வந்த திசையைப் பார்த்தது, மறுபடி போனைப் பார்த்தது. பக்கத்தில் வந்ததும் அவன் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பிள்ளையைக் கையில் எடுத்தான்.

இந்த முறை அது அழவில்லை. அவன் சட்டைக் காலரைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.