தம்பிக்காக இளைத்தவள்

சுலோச்சனாவின் தம்பி பிரகாஷுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. எந்த அறிகுறியும் காட்டாமல் வருஷக்கணக்கில் உள்ளேயே இருந்த காமாலைக் கிருமி அவன் ஈரலைத் தின்றுவிட்டிருந்தது. உறவில் யாராவது தங்கள் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைப்பான் என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவன் மனைவி கனிமொழியின் ரத்தம் சேரவில்லை. அக்காவுடையது சேர்ந்தது. ஆனால் ஸ்கேன் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க ஈரல்லயே கொழுப்பு நிறையப் படிஞ்சிருக்கும்மா. இப்படியே எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் உதவாது."

"ஒடம்ப கொறைச்சிகினு வந்தா எடுத்துக்குவீங்களா?"

"குறைஞ்சா பார்க்கலாம்."

திருத்தணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுலோச்சனா வீட்டுக்குப் போகவில்லை. கணவன் கஜபதியை அனுப்பிவிட்டு, டைல்ஸ் கடை மாடிக்கு ஏறினாள். அங்கேதான் மெக்கானிக் சத்தாரின் மகள் சாயிரா பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்திவந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை சாயிரா நிதானமாகப் படித்தாள்.

"வெறுமனே நடந்தாலும் கொறையும்க்கா, ஆனா நாளாவும். இங்க செய்யறது வேற. கொஞ்ச நேரம் உசிரக் குடுத்து ஓடணும். பெல் அடிச்சா நின்னு மூச்சு வாங்கணும். மூச்சு அடங்கறதுக்குள்ள மறுபடி ஓடணும். ஆனா எடுத்த எடுப்புல கெடையாது. மொதல்ல நான் சொல்ற வேகம்தான்."

"ஆங், சரிம்மா."

நாற்பத்தைந்து வயதில், மகள் ஷாலினியின் சுடிதாரை மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு முன் இளைக்க வந்த பெண்களின் நடுவே அவள் நின்றாள். நாலு பேர் முன்னால் கையைத் தூக்கிக் குதித்தே பழக்கமில்லாதவள். ஆரம்பத்தில் நின்ற இடத்திலேயே ஓடுவதற்குக்கூட நெஞ்சு தொண்டைக்கு வந்தது. மாடிப்படி இறங்க சுவரைப் பிடித்துக்கொண்டாள். சோற்றைக் குறைத்தாள், சர்க்கரையை விட்டாள். வகுப்பு இல்லாத நாளிலும் வீட்டு வாசலில் குதித்தாள்.

ஒருநாள் பெல் அடித்தும் அவள் நிற்கவில்லை. எல்லாரும் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்க, அவள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தாள். முழங்கால் மடங்கி விழுந்தபோதுதான் நின்றாள். சாயிரா ஓடிவந்து தூக்கினாள்.

"நிக்கச் சொன்னா நிக்கணும்க்கா! ஓய்வும் பயிற்சிதான். எதுக்கு இவ்ளோ அவசரம்?"

"அவனுக்கு வயிறு வீங்கிகினே வருதும்மா. நான் எங்க நிக்கறது?"

சாயிரா அவளைச் சுவரோரம் உட்காரவைத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரகாஷ் அக்காவைப் பார்க்க வந்தான். கை கால் குச்சியாகிவிட்டிருந்தன, கண் மஞ்சள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் குதிப்பதைப் பார்த்தான்.

"யக்கா, நீ குதிக்கறத பாத்து மாடுகூட மேயறத வுட்டுடுச்சு."

"சிரிடா. நாளைக்கு என் ஈரல வெச்சிகினு நீதான் குதிக்கணும்."

சிரித்தவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வேணாம்க்கா. உனக்கு எதனா ஆயிடுச்சின்னா பாவாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

பாவா என்றதும், மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த கஜபதி நிமிர்ந்தார். "எனக்கும் மொதல்ல பயமாத்தான்டா இருந்திச்சி. இப்ப அவள நிறுத்தச் சொல்லத்தான் பயமா கீது."

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சிரித்தார். கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். சுலோச்சனா ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே தம்பிக்கு போன் போட்டு, நாளைச் சொல்லி அழுதாள்.

திங்கட்கிழமை பிரகாஷுக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்றில் தேங்கிய நீரில் சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. இந்த நிலைமையில் கத்தி வைக்க முடியாது என்றார்கள். காய்ச்சல் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அது இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸில் அவன் உடலைத்தான் அரக்கோணத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

சாவு வீட்டில் தூரத்து உறவுக்காரி ஒருத்தி சுலோச்சனாவின் தோளைத் தடவி, "பாதியா எளைச்சிட்டியேம்மா, நல்லாத்தான் கீற" என்றாள். கேட்டுக்கொண்டிருந்த கனிமொழி வெடித்தாள்.

"ஒரு மாசம் முன்னாடி எளைச்சிருந்தா எம் புருஷன் இருந்திருப்பான் அண்ணி!"

கஜபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுலோச்சனா அவர் கையை அழுத்திப் பிடித்தாள். ஆம்புலன்ஸில் வழியெல்லாம் அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அதன்பிறகு அவள் வகுப்புக்குப் போகவில்லை. குளிக்கும்போது ஒட்டிப்போன தன் வயிற்றைத் தொடவே கூசினாள். ஒரு மத்தியானம் சாயிரா வந்தாள். வகுப்புக்கு வா என்று கூப்பிடவில்லை. தலை குனிந்தபடி சொன்னாள்:

"ஆரம்பத்துல நாந்தானேக்கா உன்ன மெதுவா ஓட வெச்சேன். இன்னும் கொஞ்சம் வெரட்டியிருக்கணுமோன்னு..."

"இல்லம்மா. வெரட்டியிருந்தா நான் அன்னிக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். உம்மேல ஒரு தப்பும் இல்ல."

சாயிராவிடம் மனசார அப்படிச் சொன்னவளால், தனக்குத் தானே அதைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

வேர்க்கடலை அறுவடையானதும் ஒரு பையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அரக்கோணம் ரயிலேறினாள். கதவைத் திறந்த கனிமொழி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஒடம்பு எலும்பாப் போச்சு அண்ணி. சாப்டறீங்களா இல்லியா?"

கனிமொழி தட்டை வைத்து, சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். "அன்னிக்கு வாயில வந்தத சொல்லிட்டேன்" என்றாள்.

"எனக்கும் அதான் தோணுச்சு, கனி."

"அப்பிடி நெனைக்காதீங்க. அவரு கடைசியா கண்ணு முழிச்சப்போ, எங்கக்காவ இனிமே ஓட வேணாம்னு சொல்லுன்னாரு. உங்க மேல இருந்த கோவத்துல நாந்தான் சொல்லல."

சுலோச்சனா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அழுதாள். கனிமொழி அருகில் உட்கார்ந்து, அவள் முதுகில் கைவைத்துக்கொண்டாள். பிறகு ஆறிப்போன சோற்றைப் பிசைந்து ஒவ்வொரு வாயாகத் தின்றாள் சுலோச்சனா. கனிமொழி கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.